குத்துக்காட்டில் ஒரு நடை: வழிகாட்ட இருளர், கற்க உழவர்

மலையேற்றம் என்றாலே நமக்கு நீலகிரி, கொடைக்கானல், டாப்ஸ்லிப் என்றுதான் நினைப்பு ஓடுகிறது. 2024 அக்டோபரில் தமிழ்நாடு வனத்துறை 'ட்ரெக் தமிழ்நாடு' என்ற திட்டத்தைத் தொடங்கி, 14 மாவட்டங்களில் 40 மலைப்பாதைகளை மக்களுக்குத் திறந்துவிட்டது. இணையத்தில் பதிவு செய்துகொண்டு போனால், பயிற்சி பெற்ற உள்ளூர் வழிகாட்டி கூடவே வருவார். நல்ல ஏற்பாடுதான். 2018 மார்ச்சில் தேனி மாவட்டம் குரங்கணி மலையில் காட்டுத்தீயில் சிக்கி 20க்கும் மேற்பட்டோர் இறந்த பிறகு, மலையேற்றத்துக்கென்று தனி விதிமுறைகளே வந்தன. வழிதெரிந்த ஆள் இல்லாமல் காட்டுக்குள் போகக் கூடாது என்பதை அவ்வளவு பெரிய விலை கொடுத்துத்தான் கற்றோம்.

போய் வாருங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் உழவராக இருக்கிற ஒருவருக்கு, முக்கூர்த்தியில் வரையாடு பார்ப்பதைவிட அவசியமான ஒரு நடை அவர் வயலுக்குப் பின்னாலேயே இருக்கிறது. அதைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

செங்கல்பட்டில் மலை ஏது என்று கேட்பீர்கள். பல்லாவரத்தில் தொடங்கி வண்டலூர், சிங்கப்பெருமாள் கோவில், செங்கல்பட்டு, திருக்கழுக்குன்றம் என்று தெற்கே வரவர, ஏரிக்கு ஒரு பக்கம் கரை இருந்தால் இன்னொரு பக்கம் குன்று நிற்கும். சில நூறு அடிதான் உயரம். தினமும் மாடு ஓட்டிப் போகிற வழியில் நிற்பதால் அது மலையாகவே நம் கண்ணுக்குப் படுவதில்லை. அந்தக் குன்றின் சரிவிலும் அடியிலும் இருப்பதுதான் குத்துக்காடு. காரை, களா, சூரை, சங்கஞ்செடி, குருந்து, காயா என்று ஆள் உயரப் புதர்கள். நடுநடுவே வெப்பாலை, நுணா, ஈச்சம். எங்காவது ஒரு உலக்கைப்பாலை. சித்திரை வெயிலிலும் பச்சை மாறாத புதர்கள் இதில் நிறைய உண்டு. இந்தக் கடற்கரைக்கே உரிய வறண்ட பசுமைமாறாக் காட்டின் மிச்சம் இது.

அரசுக் கணக்கில் இதற்கு என்ன பெயர் தெரியுமா? தரிசு. மத்திய அரசு வெளியிடுகிற தரிசு நில வரைபடத் தொகுப்பில் 'புதர் நிலம்' என்பதும் ஒரு தரிசு வகையாகவே இடம்பெறுகிறது. காப்புக்காட்டு எல்லைக்குள் இருக்கிற புதர் ஓரளவு தப்பியது. வெளியே மேய்க்கால் புறம்போக்காகவும் பட்டா நிலமாகவும் இருந்ததெல்லாம் கல்குவாரியாக, தைலமரத் தோப்பாக, 'ஓஎம்ஆரிலிருந்து அரை மணி நேரம்' என்று பலகை வைத்த மனைப்பிரிவாகப் போய்க்கொண்டே இருக்கிறது. ஒரு பொருள் எதற்குப் பயன்படுகிறது என்று தெரியாதவனிடம் அது பறிபோனால் அவனுக்கு வலிக்காது. நம்மில் பலர் அந்த நிலையில்தான் இருக்கிறோம்.

இந்தக் காட்டை எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரிந்தவர்கள் நம் ஊர் ஓரத்திலேயே இருக்கிறார்கள். இருளர்கள். தமிழ்நாட்டில் மிகவும் நலிந்த நிலையில் உள்ள பழங்குடிகள் என்று அரசு பட்டியலிட்டிருக்கும் ஆறு பழங்குடிகளில் அவர்களும் ஒருவர். நம் வயலில் எலி பிடிக்கவும் வேலிக்கு முள் வெட்டவும் கூப்பிடுவோம். வேலை முடிந்ததும் கூலியைக் கொடுத்து அனுப்பிவிடுவோம். அவர்களுக்குப் பின்னால் நடந்து கற்றுக்கொள்ள வேண்டும் என்று நமக்குத் தோன்றியதே இல்லை.

போன ஆவணியில் எங்கள் குழுவைச் சேர்ந்த ஒன்பது பேர் அப்படி ஒரு நடை போனோம். செங்கல்பட்டுக்கும் திருக்கழுக்குன்றத்துக்கும் இடையே ஒரு குன்று. வழிகாட்டி எழுபதை நெருங்கும் ஓர் இருளர் பெரியவர். ஊரில் எல்லோருக்கும் தாத்தா. எங்களுக்கும் தாத்தாதான். காலை ஆறு மணிக்கு ஏரிக்கரையில் கூடினோம். அரை மணி நேரத்தில் குன்றின் அடிக்குப் போய்விடலாம் என்று எங்கள் கணக்கு. முதல் அரை மணி நேரத்தில் நாங்கள் நடந்தது இரண்டு வரப்புகள்.

காரணம் எலி வளை. வரப்பில் இருந்த இரண்டு வளைகளைக் காட்டி, எதில் எலி இருக்கிறது என்று கேட்டார். திறந்த வாயோடு இருந்ததைத்தான் எல்லோரும் காட்டினோம்.

"அது ஆள் காலி பண்ண வீடு தம்பி. உள்ள பாரு, சிலந்தி நூல் கட்டியிருக்கு. இதுதான் குடியிருக்கிற வீடு. வாசல மூடி வச்சிருக்கு பாரு."

புதிதாகத் தள்ளிய மண் பொலபொலவென்று வாயை அடைத்திருந்தது. கரம்பை எலி அப்படித்தான் செய்யும். உள்ளே இருக்கும்போது வளையின் வாயை மண்ணால் அடைத்துக்கொள்ளும். நாம் என்ன செய்கிறோம்? திறந்த பொந்தாகப் பார்த்து மருந்து வைக்கிறோம். மூடிய வளையில் எலி நிம்மதியாகத் தூங்குகிறது. அதுமட்டுமல்ல, ஒரு வளைக்கு வாசல் ஒன்றல்ல. கொஞ்ச தூரம் தள்ளி, மேலே மண் மூடிய அவசர வழி ஒன்று இருக்கும். காலால் தட்டிப் பார்த்தால் சத்தம் மாறும். அதை அடைக்காமல் வெட்டினால் எலி அந்தப் பக்கமாகப் போய்விடும். உள்ளே அறை அறையாக நெற்கதிர் சேர்த்து வைத்திருக்கும். பஞ்ச காலத்தில் பல இருளர் குடும்பங்களின் உலை அந்த வளை நெல்லில்தான் கொதித்தது. பானையில் ஓட்டை போட்டு வைக்கோல் திணித்து வாயால் ஊதி வளைக்குள் புகை விடுவார்கள். கை சுட்டு, நெஞ்சில் புகை ஏறி செய்த வேலை அது. நாம் கொடுத்த கூலி அதற்கு ஈடாகாது என்று இப்போது தோன்றுகிறது.

வரப்பு தாண்டி ஒரு பனைமரம். அடியில் விரல் நீளத்துக்குச் சாம்பல் நிற உருண்டைகள் கிடந்தன. எச்சம் என்று நினைத்துத் தாண்டப் போனோம். தாத்தா ஒன்றை எடுத்துக் குச்சியால் பிரித்தார். உள்ளே மயிர், குட்டிக் குட்டி எலும்புகள், ஒரு எலி மண்டையோடு, மஞ்சள் பல்லோடு. கூகை எலியை முழுசாக விழுங்கி, செரிக்காததை இப்படி உருட்டிக் கக்கிவிடும். ஒரு மரத்தடியில் கிடக்கிற உருண்டைகளைப் பிரித்து மண்டையோட்டை எண்ணினால், அந்த மரத்துக் கூகை உங்கள் வயலில் எத்தனை எலி எடுத்தது என்ற கணக்கு கிடைத்துவிடும். சம்பளம் வாங்காத ஆள். புரோமடியோலோன் போன்ற எலி மருந்து தின்று தள்ளாடுகிற எலியைப் பிடித்தால் அந்த நஞ்சு கூகைக்கும் போகிறது என்பதை இங்கே நினைத்துக்கொள்ளுங்கள். பனையை வெட்டி சூளைக்கு விற்றவர்களுக்குச் சொல்ல வேறொன்றும் இல்லை.

குன்று ஏறத் தொடங்கியதும் ஆட்டுக்காரர் ஒருவர் மந்தையோடு எதிரே வந்தார். ஆட்டுக்குப் பின்னாலேயே கொஞ்ச தூரம் நடக்கச் சொன்னார் தாத்தா. மூலிகைப் பூச்சிவிரட்டிக்கு எந்த இலை என்று நாம் பட்டியல் மனப்பாடம் செய்கிறோம்: ஆடு மாடு தின்னாதது, ஒடித்தால் பால் வருவது, கசப்பது. அந்தப் பட்டியலைக் காடே கண்ணெதிரே விரித்துக் காட்டுகிறது. களாவும் காரையும் நுனி மேய்ந்து குட்டையாக நின்றன. பக்கத்திலேயே ஆடாதோடை, நொச்சி, எருக்கு ஒரு இலைகூடக் கடிபடாமல் நின்றன. பட்டியல் இல்லாமலே உங்கள் ஊருக்கான ஐந்திலைக் கரைசலை இப்படிக் கண்டுபிடித்துவிடலாம். ஒன்று மட்டும்: காட்டிலிருந்து மூட்டை கட்டாதீர்கள். ஆடாதோடையும் நொச்சியும் போத்து நட்டால் வரும். நாலு குச்சி ஒடித்து வந்து வேலியில் ஊன்றினால் அடுத்த ஆண்டு உங்கள் கரைசல் உங்கள் வேலியிலேயே இருக்கும்.

ஒரு பெரிய களாப் புதருக்குள் கையைவிடாமல், கம்பால் சருகை ஒதுக்கி மண்ணைக் காட்டினார். மூன்றடி தள்ளி வெளியே இருந்த மண் செம்மண் கலந்த சரளை, ஓடு மாதிரி இறுகிக் கிடந்தது. புதருக்கடியில் இருந்தது கருத்து, பொலபொலவென்று, அந்த வெயில் காலத்திலும் ஈரத்தோடு. ஜீவாமிர்தம் போடும்போது 200 லிட்டர் தண்ணீருக்கு 10 கிலோ சாணம், கோமியம், வெல்லம், பயறு மாவு எல்லாம் அளந்து போட்டுவிட்டு, கடைசியில் 'ஒரு கைப்பிடி மண்' என்கிற இடத்தில் கால் அடியில் கிடக்கிறதை அள்ளிப் போடுகிறவர்கள் இருக்கிறோம். ரசாயனம் படாத, மரத்தடியின் உயிர்மண் என்று அதற்குச் சொன்ன காரணம் அந்தப் புதருக்கடியில் நன்றாகவே விளங்கியது. குன்றில் இருக்கிற காடு போய்விட்டால் அந்தக் கைப்பிடியை எங்கே போய் வாங்குவோம்?

இன்னும் கொஞ்சம் மேலே ஒரு பட்டுப்போன கிளையில் சுண்டுவிரல் பருமனுக்குத் துளைத்த மாதிரி வட்டமான ஓட்டைகள். கரிய பெரிய தச்சு வண்டு குடைந்த கூடு. நாம் வண்டு என்று சொன்னாலும் அது தேனீ இனம். கத்தரிப் பூவின் மகரந்தம் லேசில் கொட்டாது; பூவைப் பிடித்துக்கொண்டு 'ர்ர்ர்' என்று அதிர வைத்தால்தான் கொட்டும். பெட்டியில் வளர்க்கிற தேனீக்கு அந்த வித்தை தெரியாது. இந்தக் கரிய தேனீக்குத் தெரியும். அதற்குக் கூடு கட்டக் காய்ந்த மரம் வேண்டும். தோட்டத்தில் பட்ட கிளை ஒன்றுகூட இல்லாமல் விறகாக்கிவிட்டு, கத்தரியில் காய் பிடிக்கவில்லை என்று ஊக்கி தெளிக்கிறோம்.

கிழங்கு பற்றியும் சொல்ல வேண்டும். காட்டு வள்ளிக்கொடியின் அடியைத் தோண்டிக் கிழங்கை எடுத்தவர், கொடியோடு ஒட்டிய தலைப்பாகத்தை வெட்டி அதே குழியில் வைத்து மண்ணை மூடிவிட்டார். அடுத்த மழைக்கு அது திரும்ப வரும். வழியில் ஒரு இடத்தில் பாதி புதைந்த பெரிய கற்கள் வட்டமாக நின்றன. இந்த மாவட்டத்தில் இப்படிப் பெருங்கற்காலக் கல்வட்டங்கள் நிறைய உண்டு. சானூரிலும் குன்னத்தூரிலும் தொல்லியல் துறை 1950களில் தோண்டிப் பார்த்திருக்கிறது. அதற்கும் வெகுகாலம் முந்திய கற்கருவியை ராபர்ட் புரூஸ் பூட் 1863ல் பல்லாவரத்தில்தான் கண்டெடுத்தார். ஏர் படாத நிலம் என்பதால்தான் இதெல்லாம் மிஞ்சியிருக்கிறது. டிராக்டர் வைத்திருக்கும் நண்பர்கள் கவனிக்க.

பாம்பு பார்க்கவில்லையா என்று கேட்பீர்கள். எங்களில் ஒருவரும் அதைத்தான் கேட்டார், "ஒரு நல்லது காட்டுங்க தாத்தா" என்று. தாத்தா சிரித்தார். மணல் விழுந்திருந்த இடத்தில் வளைந்து போன தடத்தையும், கல்லிடுக்கில் பாதி உரித்த சட்டையையும் காட்டினார். அது போதும். பாம்பைப் பிடித்துக் காட்டச் சொல்வது சட்டப்படி தவறு. இருளர்களை வித்தைக்காரர்கள் ஆக்குவது அதைவிடத் தவறு.

அவர்களுடைய பாம்பு அறிவு என்ன ஆயிற்று என்பது தனிக்கதை. ஒரு காலத்தில் பாம்புத்தோல் வியாபாரிகளுக்கு இருளர்கள் பிடித்துக் கொடுத்தார்கள். 1972ல் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் வந்து, தோல் வியாபாரமும் நின்றபோது பிழைப்பு போனது. 1978ல் மாமல்லபுரம் போகிற கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடநெம்மேலி முதலைப் பண்ணை வளாகத்தில், ரோமுலஸ் விட்டேக்கர் போன்றோரின் துணையோடு, இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் தொடங்கியது. வனத்துறை அனுமதித்த எண்ணிக்கைக்கு நல்ல பாம்பு, கண்ணாடி விரியன், கட்டு விரியன், சுருட்டை விரியன் என்ற நாலையும் பிடித்து வருவார்கள். பானையில் சில வாரம் வைத்து நஞ்சு எடுப்பார்கள். வயிற்றுச் செதிலில் அடையாளம் வைத்துத் திரும்பக் காட்டில் விட்டுவிடுவார்கள். நாட்டில் பாம்புக்கடிக்குப் போடுகிற நச்சுமுறிவு மருந்துக்கு வேண்டிய நஞ்சு பெருமளவு இங்கிருந்துதான் போயிருக்கிறது. 2017ல் அமெரிக்காவின் புளோரிடாவில் பெருகிவிட்ட மலைப்பாம்புகளைத் தேடிப் பிடிக்க அங்குள்ள பல்கலைக்கழகம் அழைத்தது செங்கல்பட்டு மாவட்டத்து வடிவேல் கோபாலையும் மாசி சடையனையும்தான். 2023ல் இருவருக்கும் பத்மஸ்ரீ கிடைத்தது. ஊரில் இன்னும் பல இருளர் குடும்பங்களுக்கு மனைப்பட்டாவும் சாதிச் சான்றும் கிடைக்கவில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டியிருக்கிறது.

நமக்கு இதில் நேரடி அக்கறை உண்டு. 2000 முதல் 2019 வரை இந்தியாவில் பாம்புக்கடியால் இறந்தவர்கள் சுமார் 12 லட்சம் பேர் என்று ஆய்வாளர்கள் மதிப்பிட்டிருக்கிறார்கள், பெரும்பாலோர் கிராமத்தார். தமிழ்நாடு அரசு 2024 நவம்பரில் பாம்புக்கடியை மருத்துவமனைகள் கட்டாயம் தெரிவிக்க வேண்டிய ஒன்றாக அறிவித்தது. கடிபட்டால் கீறாதீர்கள், இறுக்கிக் கட்டாதீர்கள், பச்சிலை தேடி நேரம் போக்காதீர்கள். கடிபட்ட கை காலை அசைக்காமல் வைத்து 108க்கு அழைத்து நச்சுமுறிவு மருந்து உள்ள மருத்துவமனைக்குப் போங்கள். இரவில் மோட்டார் போடப் போகும்போது டார்ச்சும் முழங்கால் வரை பூட்ஸும். அவ்வளவுதான். எலி இருக்கிற வரப்புக்குப் பாம்பு வரத்தான் செய்யும். எலியைத் தின்னும் சாரையையும் சேர்த்து அடித்துக் கொன்றுவிட்டு எலி மருந்துக் கடைக்குப் போவதில் என்ன லாபம்?

மலையேறி உயிரினம் பார்ப்பது ஏதோ இப்போது வந்த நாகரிகம் என்று நினைக்க வேண்டாம். திருக்கழுக்குன்றத்தில் நம் பாட்டன்மார் செய்தது வேறென்ன? வேதகிரி மலையில் படியேறி, உச்சி வேளையில் அர்ச்சகர் சோறு வைக்க, இரண்டு கழுகுகள் வந்து இறங்குவதைப் பார்க்கக் கூட்டம் காத்திருக்கும். ஊருக்கே அதனால்தான் பெயர். அவை உண்மையில் மஞ்சள்முகப் பாறுகள். 1990களுக்குப் பிறகு அவை வருவதில்லை. அதே காலத்தில்தான் நாடு முழுக்கப் பாறு இனங்கள் அடியோடு சரிந்தன. மாட்டுக்கு வலிக்குப் போட்ட டைக்ளோபினாக் ஊசி, அந்த மாடு செத்த பிறகு அதைத் தின்ற பாறுவின் சிறுநீரகத்தைக் கெடுத்துக் கொன்றது என்பது 2000களில் உறுதியானது. 2006ல் கால்நடைக்கு அந்த மருந்து தடை செய்யப்பட்டது. 2023ல் கீட்டோபுரோபனும் அசிக்ளோபினாக்கும் அந்தத் தடைப் பட்டியலில் சேர்ந்தன. நம் ஊர்ப் பாறு போனதற்கு இதுவேதான் காரணம் என்று சத்தியம் செய்ய முடியாது. ஆனால் மாடு வைத்திருக்கிறவர்கள் மருத்துவரிடம் மெலாக்சிகாம் போடச் சொல்லிக் கேட்கலாம். அது பாறுவுக்குக் கேடு செய்யாதது.

இப்படி ஒரு நடையை உங்கள் ஊரில் ஏற்பாடு செய்வதற்குச் சில விஷயங்கள். நம்மாழ்வார் ஐயா ஊர் ஊராக நடந்தே இயற்கை வேளாண்மையைப் பேசினார். நடப்பது நம் இயக்கத்துக்குப் புதிதல்ல. ஆனால் இது பேசிக்கொண்டே போகிற நடை அல்ல. பத்துப் பேருக்கு மேல் வேண்டாம். காப்புக்காட்டுக்குள் போவதென்றால் வனச்சரக அலுவலகத்தில் முன்னதாக எழுதிக் கொடுத்து அனுமதி வாங்குங்கள். அனுமதி கிடைக்காவிட்டால் ஏரிக்கரை, மேய்க்கால், கோயில் காடு இருக்கவே இருக்கின்றன. பீடி, தீப்பெட்டி கூடாது. மாசி முதல் ஆடி வரை குத்துக்காடு பற்றிக்கொள்ள ஒரு பொறி போதும். வழிகாட்டி நின்றால் நில்லுங்கள். கல்லைப் புரட்டாதீர்கள், பொந்தில் கை விடாதீர்கள்.

கூலி விஷயத்தில் கண்டிப்பாக இருக்க வேண்டும். நூறோ இருநூறோ கையில் திணித்து 'டீ குடிங்க' என்று அனுப்புவது வேலைக்காகாது. உங்கள் ஊரில் கொத்தனாருக்கு ஒரு நாள் என்ன கூலியோ, அதற்குக் குறையாமல், நடக்கும் முன்பே பேசிக் கொடுங்கள். முடிந்தால் அவருடன் அவர் பேரனையோ பேத்தியையோ கூப்பிட்டு அவர்களுக்கும் அரைக்கூலி கொடுங்கள். எங்கள் தாத்தாவின் பேரன் மறைமலைநகரில் கம்பெனி வேலைக்குப் போகிறான். எந்த வளையில் எலி இருக்கிறது என்று அவனுக்கும் தெரியவில்லை. பெண்களை மறந்துவிடாதீர்கள். மூலிகை, கிழங்கு, கீரை பற்றி அவர்களுக்குத் தெரிந்தது அதிகம். செங்கல்பட்டு பக்கம் தண்டரையில் இருளர் பழங்குடிப் பெண்கள் சங்கமாகச் சேர்ந்து பல வருடங்களாக நாட்டு மரக்கன்றும் மூலிகையும் வளர்த்து வருகிறார்கள். களா, நுணா, வெப்பாலைக் கன்று வேண்டுமென்றால் காட்டில் பிடுங்காமல் அங்கே கேட்டுப் பாருங்கள். முள்கம்பி வேலிக்குப் பதில் களா வேலி போட்டால், பழம் தின்ன வருகிற கொண்டைக்குருவி குஞ்சுக்குப் புழு பிடிக்க உங்கள் செடிக்குள்ளேதான் இறங்கும்.

மலை ஏற முடியாத வயதானவர்களுக்கு வேடந்தாங்கல் ஏரிக்கரை இருக்கிறது. சுமார் 30 ஹெக்டேர் ஏரி. இப்போது ராம்சார் பட்டியலிலும் இருக்கிறது. பறவைகளை வெள்ளைக்காரச் சிப்பாய்கள் சுட்டதை எதிர்த்து ஊரார் முறையிட்டு, 1798ல் செங்கல்பட்டு ஆட்சியரிடம் எழுத்தில் உரிமை வாங்கினார்கள். 1858ல் அதைப் புதுப்பிக்கவும் செய்தார்கள். பறவை மேல் பாசம் மட்டும் அல்ல, எச்சம் கலந்த ஏரித் தண்ணீர் பாய்ந்தால் நெல்லுக்கு வேறு உரம் வேண்டாம் என்ற உழவுக் கணக்கும் அதில் இருந்தது. மார்கழி, தை மாதங்களில் போங்கள். சாயங்காலம் நாலரை மணிக்கு மேல் கரையில் நின்றால், சுற்று வட்டார வயல்களில் மேய்ந்துவிட்டு நத்தைக்குத்தி நாரைகளும் கொக்குகளும் அரிவாள் மூக்கன்களும் கூட்டம் கூட்டமாகத் திரும்பும். எந்தத் திசையிலிருந்து அதிகம் வருகின்றன, உங்கள் ஊர் இருக்கிற திசையிலிருந்து வருகின்றனவா என்று எண்ணிப் பார்த்து, அடுத்த குழுக் கூட்டத்தில் வந்து சொல்லுங்கள்.